தேத்தண்ணியோட ஒரு குளிசை

யாழ்ப்பாணம், திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடை. காலமை பத்து மணி.

அண்ணை: பிள்ளை, உந்தக் குளிசை சரியில்லை. மனுசிக்கு ஒரு மாசமாக் குடுத்தும் ரத்தத்தில எச்பி, அதுதான் ஹீமோகுளோபின், 9.2 இல இருந்து 9.3 தான். காசைத் திருப்பித் தாரும்.

பிள்ளை: கொண்டாங்கோ பாப்பம். பெரஸ் சல்பேற் 200 மில்லிகிராம். இதில 65 மில்லிகிராம் இரும்பு கிடக்கு. உடம்பில ஒழுங்காச் சேந்திருந்தா, இவ்வளவுக்கு ரெண்டளவில கூடியிருக்கோணும். எப்பிடி எடுக்கிறவ?

அண்ணை: வாயாலதான்.

பிள்ளை: எதோட அண்ணை?

அண்ணை: தேத்தண்ணியோட.

பிள்ளை: அதுதான். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடிச்சு வைச்சிருந்து அப்பிடியே வெளியால அனுப்பிப்போடும். வெறுவயித்தில, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தித் தண்ணியோட குடுங்கோ. தேத்தண்ணி ரெண்டு மணித்தியாலம் கழிச்சு.

அண்ணை: அப்ப பால்தேத்தண்ணி குடுக்கிறன்.

பிள்ளை: அது ரெண்டு பிழை. பாலில இருக்கிற கல்சியமும் மறிக்கும்.

அண்ணை: பிளேன்ரீ?

பிள்ளை: அதுவும் தேத்தண்ணிதான். தேசிக்காய்ப்புளி விட்ட தண்ணி குடுங்கோ, இல்லாட்டி ஒரு கொய்யாப்பழம். விற்றமின் சி இருந்தா இரும்பு நல்லா ஏறும்.

அண்ணை: ஆ! தேசிக்காய்த் தேத்தண்ணி!

பிள்ளை: ...

அண்ணை: சாப்பாட்டில நான் குறை வைக்கேல்லை. ஒவ்வொரு நாளும் பீற்றூட். சிவப்பெல்லே!

பிள்ளை: நிறம்தான் சிவப்பு. 100 கிராமில ஒரு மில்லிகிராம் இரும்பும் இல்லை. சிவப்பைப் பாத்துச் சாப்பிடுறதெண்டா முத்தத்துச் செவ்வரத்தம்பூவையும் கறி வையுங்கோ.

அண்ணை: பேரீச்சம்பழம்?

பிள்ளை: சீனிதான் கூட. இரும்பு 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவில. முருங்கையிலையில இருக்கு, ஆனா இலைச் சாப்பாட்டு இரும்பு லேசில ஏறாது, தேசிக்காய்ப்புளி விட்டுத்தான் சாப்பிடோணும். மீன், இறைச்சி, ஈரல், மட்டி, இதுகளில இருக்கிறதுதான் சுகமா ஏறும். ஈரல் வாங்கிறனீங்களோ?

அண்ணை: ஞாயிற்றுக்கிழமை தவறாது. ஆட்டீரல், அரைக்கிலோ.

பிள்ளை: அக்கா எவ்வளவு சாப்பிடுறவ?

அண்ணை: அவ எங்க சாப்பிடுறது? எனக்கும் பெடியனுக்கும்தான் சரி. அவவுக்குக் குழம்பு காணும்.

பிள்ளை: உங்கட எச்பி எவ்வளவு அண்ணை?

அண்ணை: 15.8! டொக்டரே மெச்சினவர்.

பிள்ளை: மெச்சுவார்தானே. குளிசை ஒரு நாளும் விடாமல் எடுத்தவவோ?

அண்ணை: இடையில கறுப்பாப் போகுது எண்டா. நான்தான் ஒரு கிழமை நிப்பாட்டச் சொன்னனான்.

பிள்ளை: இரும்பு எடுத்தாக் கறுப்பாத்தான் போகும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட மணத்தோட போனாத்தான் உடன டொக்டரிட்ட ஓடோணும். வயித்தெரிவு, மலச்சிக்கல் எண்டா நீங்களா நிப்பாட்டாதேங்கோ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ. எச்பி 12 ஐத் தாண்டினாப் பிறகும் மூண்டு மாசம் எடுக்கோணும், அப்பத்தான் உடம்பில சேமிப்பு நிரம்பும். சரி, மாசத்தில அவவுக்குக் கனக்கப் போறதோ?

அண்ணை: அது பொம்பிளையளின்ர விசயம் பிள்ளை. நான் கேக்கிறேல்லை.

பிள்ளை: தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி சீனி எண்டு மட்டும் சொல்லிப்போடுவியள், என்ன? ரத்தம் எங்கால போகுதெண்டு பாக்காமல் குளிசையை மட்டும் விழுங்கிப் பிரயோசனம் இல்லை. அக்காவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. இண்டைக்கும் அவவையே கூட்டியந்திருக்கலாமே?

அண்ணை: அவவால ஏலாது பிள்ளை. கேற்றடிக்கு நடந்தாலே மூச்சு வாங்குது. படுக்கையை விட்டெழும்பவே தலைசுத்து.

பிள்ளை: ஐயோ. அப்ப வீட்டில சமையல் ஆர்?

அண்ணை: அவதான். ஏன் பிள்ளை?