கேட்டார் ஐயா, கான்ட் சம்பளம் கேட்டார்

ஒரு மேடைப் பேச்சு வீடியோ சுற்றுகிறது, பார்த்திருப்பீர்கள். கௌரவ விரிவுரையாளர்கள் சம்பளம் கேட்டால், “இம்மானுவேல் கான்ட் சம்பளம் கேட்டாரா?” என்று பேச்சாளர் ஒரு வரி விடுகிறார். அதற்குக் கைதட்டல் வேறு. கேட்டார் ஐயா. பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவஞானி கான்ட், திரும்பத் திரும்பக் கேட்டார்.

குதிரைச் சேணம் செய்பவரின் மகன். அப்பா இறந்தபின் பல வருஷம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியார். 1755இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ‘பிரிவாட்டொசென்ட்’ ஆனார். பெயர் கம்பீரம்தான், பாடம் நடத்தலாம், சம்பளம் கிடையாது. மாணவர்கள் கொடுக்கும் கட்டணம்தான் வரும்படி. ஆள் வராவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் தர்க்கம், கணிதம், புவியியல் என்று எல்லாவற்றையும் எடுத்தார். சில பருவங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம். கோட்டு நைந்துபோய், நண்பர்கள் புதிது வாங்கித் தர வந்தார்களாம், வேண்டாம் என்றுவிட்டார். இதைத்தான் மேடையில் ‘எளிமை’ என்கிறார்கள்.

1758இல் பேராசிரியர் இடம் ஒன்று காலியானது. ஊர் ரஷ்யர் கையில் இருந்ததால், ரஷ்ய மகாராணி எலிசபெத்துக்கே விண்ணப்பம் போட்டார். வேலை புக் என்பவருக்குப் போனது. 1766இல் துணை நூலகர் வேலை கிடைத்தது, வருஷத்துக்கு 62 தாலர் (அந்தக் கால வெள்ளிக்காசு). நாற்பது தாண்டியபின் கையில் வந்த முதல் நிலையான சம்பளம்!

1770இல் கணிதப் பேராசிரியர் காலமானார். சூட்டோடு சூடாக பெர்லினில் இருந்த பிரஷ்ய அரசுக்குக் கடிதம் எழுதினார் கான்ட்: புக்கையோ நீதிநெறிப் பேராசிரியரையோ கணிதத்துக்கு மாற்றுங்கள், காலியாகும் இடத்தை எனக்குக் கொடுங்கள். புக் மாற்றப்பட்டார், கான்ட் உட்கார்ந்தார். ஞானி செய்கிற காரியமா? பதினைந்து வருஷம் காத்திருந்தவன் செய்கிற காரியம்.

அதன்பிறகு பத்து வருஷத்துக்கு மேல் பெரிதாக எதுவும் வெளியிடவில்லை. 1781இல் ‘தூய அறிவின் விமர்சனம்’ என்ற அவருடைய பெயர்பெற்ற நூல் வந்தபோது வயது 57. மாதச் செலவுக்கு வழி இருந்ததால்தான் வாயை மூடிக்கொண்டு யோசிக்க முடிந்தது.

“1778இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு வந்தால் 800 தாலர் வரை தருவதாக அமைச்சரே அழைத்தும் போகவில்லையே?” என்று யாராவது வருவீர்கள். போகவில்லைதான். நிரந்தர வேலையில் இருந்துகொண்டு வேண்டாம் என்றார் சார். அது இல்லாதவனிடம் போய் அந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டுச் சேவல் தொல்லை தாங்காமல் வாடகை இடம் மாறியவர் அவர். சொந்த வீடு வாங்கும்போது அறுபதை நெருங்கிவிட்டது. அவர் தினமும் நடக்கப் போகும் நேரத்தைப் பார்த்து ஊரார் கடிகாரம் சரிசெய்த கதைதான் உங்களுக்குத் தெரியும், இது தெரியாது.

மே மாதச் சம்பளம் இல்லாத கௌரவ விரிவுரையாளர்களைப் பார்த்து அந்தப் பேச்சு பேசியவர், அன்றைக்கு மேடையில் சால்வையோடு வாங்கிய கவரில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.