கூலி கேட்டால் பார்ட்னர், கணக்கு கேட்டால் ரகசியம்

நண்பர் ஒருவரின் பதிவில் போன வாரம் ஆரம்பித்த சண்டை இது. கமெண்டில் எழுதி மாளாது என்று இங்கே கொண்டுவந்துவிட்டேன். அவர் தொழிற்சங்கத்தில் ரொம்ப காலமாக இருப்பவர், நான் மதிக்கிற ஆள். அவர் சொன்னது இதுதான்: டேட்டா, பிரைவசி, தனியுரிமை எல்லாம் வயிறு நிறைந்தவர்களின் கவலை, உழைக்கிறவனுக்கு வேண்டியது கூலி, எட்டு மணி நேர வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ.; கம்பெனிக்காரன் நம்மைப் பார்க்கிறானா, பார்த்துவிட்டுப் போகட்டும், அதனால் எவனுக்குச் சோறு குறைந்துவிட்டது? கீழே லைக்குகள் குவிந்திருந்தன.

சோறுதான் குறைகிறது என்பது என் கட்சி.

பிரான்ஸில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று சி.என்.ஐ.எல். என்ற ஆணையம் இருக்கிறது. 2023 டிசம்பரில் அது அமேசானின் கிடங்குகளை நடத்தும் பிரெஞ்சு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ அபராதம் போட்டது. பிரச்சினை, கிடங்கில் வேலை செய்பவர்களின் கையில் இருக்கும் ஸ்கேனர். பொருளை ஸ்கேன் செய்து அலமாரியில் வைக்க வேண்டும். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவே 1.25 வினாடிக்குக் குறைவாக இருந்தால், அவசரத்தில் தப்பு செய்கிறார் என்று ஒரு குறி விழும். ஸ்கேனர் பத்து நிமிடமோ அதற்கு மேலோ சும்மா கிடந்தால் இன்னொரு குறி. சரி, பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டால் தப்பித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது, ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் வரையிலான இடைவெளிக்கென்றே தனியாக ஒன்று வைத்திருந்தார்கள். வேகமாகச் செய்தாலும் பதில் சொல்ல வேண்டும், நின்றாலும் பதில் சொல்ல வேண்டும். இந்த விவரம் எல்லாம் ஆள்வாரியாக 31 நாள் சேமிக்கப்பட்டது. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் இது தேவை, இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்று அமேசான் மறுத்தது. வேறு என்ன சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அபராதம் போட்டது தொழிலாளர் நலத்துறை கிடையாது. என் நண்பர் "வயிறு நிறைந்தவர்களின் கவலை" என்று தள்ளிவிட்ட அந்தத் தனியுரிமைச் சட்டத்தை வைத்துத்தான் கிடங்குத் தொழிலாளியின் மூச்சுவிடும் நேரத்தைப் பற்றிக் கேள்வி கேட்க முடிந்தது.

நம் நாட்டிலும் அதே கம்பெனியின் கிடங்கு செய்தியில் அடிபட்டது. 2024 கோடையில், வட இந்தியா வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஹரியானா மானேசரில் ஆறு லாரி சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. எங்கோ ஓரிடத்தில் நடந்த தவறு என்று கம்பெனி சொன்னது. தண்ணீர், கழிப்பறை பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த ஆறு லாரி என்ற இலக்கு எந்தக் கணக்கில் வந்தது, யாருடைய வேகத்தை அளந்து வைத்தது, அந்த அளவை வேலை செய்கிறவன் பார்க்க முடியுமா என்ற கேள்வி பெரிதாக எழவே இல்லை. கேட்கலாம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

நம் தெருவுக்கு வருவோம். எங்கள் பக்கத்து பிரியாணிக் கடை வாசலில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் டெலிவரி பைக்குகள் வரிசையாக நிற்கும். அந்தப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெட்ரோல் விலையைப் பற்றியோ கஸ்டமர் திட்டுவதைப் பற்றியோகூட அவ்வளவு புலம்ப மாட்டார்கள், "ஆர்டர் விழலண்ணே" என்பதுதான் பெரிய புலம்பல். பக்கத்தில் நிற்பவனுக்கு விழுகிறது, தனக்கு விழவில்லை. ஏன் என்று தெரியாது. ரேட்டிங் குறைந்ததாலா, மழையில் லாகின் செய்யாததாலா, நாலாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை என்று ஒரு ஆர்டரை ரிஜெக்ட் செய்ததாலா? ஆளுக்கொரு தியரி வைத்திருக்கிறார்கள். போனை ஆஃப் செய்து ஆன் செய்தால் விழும் என்கிறான் ஒருவன். கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி நில், அப்போதுதான் விழும் என்கிறான் இன்னொருவன். மழை வருமா என்று பஞ்சாங்கம் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் மழைக்கு முதலாளி கிடையாது. இதை முடிவு செய்கிற மென்பொருளை யாரோ எழுதி, யாரோ ஒப்புதல் கொடுத்துத்தானே ஓடுகிறது?

அதைவிடக் கொடுமை ஐடி பிளாக். காலையில் ஆப்பைத் திறந்தால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று வரும். ஹெல்ப்பை அழுத்தினால் சாட்பாட் ஒரே பதிலை மாற்றி மாற்றிப் போடும். டி.எல்.லை, அதாவது டீம் லீடரைக் கூப்பிட்டால் "சிஸ்டம்ல வந்திருக்குப்பா, என் கையில ஒண்ணும் இல்ல" என்பார். அவர் பொய் சொல்வதாகவும் எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தெரியாதுதான். பைக்குக்கு இ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். 2020-21இல் இந்தியாவில் இந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் 77 லட்சம் பேர், 2029-30க்குள் 2.35 கோடி ஆவார்கள் என்பது நிதி ஆயோக் 2022இல் போட்ட கணக்கு. அத்தனை பேரையும் வேலையை விட்டு அனுப்ப ஒரு மனிதர்கூட வாயைத் திறக்க வேண்டியதில்லை.

இத்தாலியில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி கம்பெனியின் அல்காரிதத்துக்கு ஃபிராங்க் என்று பெயரே வைத்திருந்தார்கள். முன்பதிவு செய்த ஷிஃப்டை 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்யாமல் விட்டால் ரைடரின் மதிப்பெண் இறங்கும், மதிப்பெண் இறங்கினால் நல்ல ஷிஃப்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு போகும். காய்ச்சலில் படுத்திருந்தாயா, வேலைநிறுத்தத்துக்குப் போனாயா, சோம்பேறித்தனமா என்றெல்லாம் ஃபிராங்குக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். 2020 டிசம்பர் 31 அன்று பொலோன்யா நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பு சொன்னது. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நோயாளியையும் சோம்பேறியையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் அநியாயமே என்றார்கள். வழக்குப் போட்டது யார் தெரியுமா நண்பரே, தொழிற்சங்கம்!

எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு ஆம்ஸ்டர்டாம் வழக்கு. 2023 ஏப்ரல் 4 அன்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊபர், ஓலா இரண்டுக்கும் எதிராகத் தீர்ப்பு கொடுத்தது. மோசடி செய்ததாகச் சொல்லி சில டிரைவர்களின் கணக்கை ஊபர் மூடியிருந்தது. மனிதர்கள் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்று அவர்கள் வாதாடினார்கள், நீதிமன்றமோ அந்த மனிதத் தலையீடு பெயருக்குத்தான் இருந்தது என்று தள்ளிவிட்டது. ஓலா விஷயத்தில், டிரைவர் மோசடி செய்ய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு ஸ்கோர், அவருடைய சம்பாத்தியம் பற்றி ஒரு புரொஃபைல், இரண்டும் போட்டு வைத்திருந்தது வெளியே வந்தது. அதையெல்லாம் டிரைவர்களிடம் காட்டு என்றது நீதிமன்றம். பயன்படுத்திய ஆயுதம் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஜி.டி.பி.ஆர். யோசித்துப் பாருங்கள், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி, லண்டனில் வண்டி ஓட்டியவருக்கு ஆம்ஸ்டர்டாமில் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கோயம்பேட்டில் வண்டி ஓட்டுகிற அண்ணன் அதே கேள்வியைக் கேட்டால்?

கேட்க முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாரும் பேசாத இடம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. அதற்கு ஆறு வருடம் கழித்து, 2023இல்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் தகவலை எடுக்க உங்கள் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். நல்லது. ஆனால் 7ஆம் பிரிவில் சம்மதம் தேவைப்படாத சில காரணங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று வேலைவாய்ப்பு. முதலாளி தன்னை நஷ்டத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ள என்று சொல்லிவிட்டால் ஊழியரின் தகவலைச் சம்மதம் இல்லாமலே எடுக்கலாம். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. என் தகவலை வைத்து என்ன செய்கிறாய் என்று கேட்கும் உரிமை 11ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் அது சம்மதம் கொடுத்தவர்களுக்கு. சம்மதமே கேட்காமல் எடுத்தார்கள் என்றால் என்ன எடுத்தார்கள் என்று கேட்கவும் வழியில்லை. எழுதியவர்கள் தெரியாமல் எழுதினார்கள் என்று நம்பச் சொல்கிறீர்களா?

இன்னும் இருக்கிறது. தப்பு செய்த கம்பெனிக்கு 250 கோடி வரை அபராதம் போடலாம், ஆனால் அந்தப் பணம் அரசாங்க கஜானாவுக்குப் போகும், தகவல் பறிபோனவருக்கு ஒரு பைசா கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்க ஒரு சின்ன வழி இருந்தது, அதையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 நவம்பரில் இந்தச் சட்டத்தின் விதிகள் வந்தபோது கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பகுதிகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள், இதே சட்டத்துக்குள் வைத்திருந்த, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நறுக்கும் திருத்தம் மட்டும் அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டது. என்ன வேகம்!

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ரைடர்களை ஊழியர் என்றே கம்பெனிகள் ஒத்துக்கொள்வதில்லை, டெலிவரி பார்ட்னர் என்பார்கள். சரி, பார்ட்னர் என்றால் ஊழியருக்கான அந்த விதிவிலக்கு பொருந்தாதே, சம்மதம் கேட்க வேண்டுமே, கணக்கைக் காட்ட வேண்டுமே? என் யூகம், பி.எஃப். கேட்டால் பார்ட்னர் என்பார்கள், ஸ்கோர் கேட்டால் வியாபார ரகசியம் என்பார்கள். இரண்டையும் ஒரே வக்கீல் வேறு வேறு கோர்ட்டில் வாதாடுவார்.

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023இல் இவர்களுக்காக நல வாரியம் வந்தது, சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் ஏ.சி. ஓய்வறை கட்டியிருக்கிறது, வெயிலில் சுற்றுகிறவனுக்கு அது பெரிய விஷயம்தான், கிண்டல் செய்யவில்லை. ஆனால் ஓய்வறையில் உட்கார்ந்திருக்கும்போதே ஐடி பிளாக் ஆனால் என்ன செய்வது? கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த சட்டம் அங்கே கொஞ்சம் கை வைக்கிறது: நீக்குவதற்கு 14 நாள் முன்பு எழுத்தில் காரணத்தோடு நோட்டீஸ் தர வேண்டும், வேலையைக் கண்காணிக்கும் தானியங்கி முறைகளைப் பற்றி ஆளுக்குச் சொல்ல வேண்டும். காகிதத்தில் இருப்பது நடைமுறையில் எவ்வளவு தேறும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் கேட்க ஒரு காகிதமாவது இருக்கிறது.

ஐ.டி.யில் இருக்கிற நண்பர்கள் இதைப் படித்துவிட்டு "பாவம் டெலிவரி பசங்க" என்று ஒரு சோக எமோஜி போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஸ்வைப் செய்த நேரம், லேப்டாப் எத்தனை நிமிடம் ஐடில், டைம்ஷீட், பில்லபிளா (கிளையண்டிடம் காசு வாங்கக்கூடிய வேலையா) இல்லையா, எல்லாம் உங்கள் கணக்கிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை செய்வது போலப் பாவனை காட்டினார்கள் என்று பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. டி.சி.எஸ். 2025 ஜூனில் வருடத்துக்கு 225 நாள் பில்லிங் வேண்டும், பென்ச்சில் (புராஜெக்ட் இல்லாமல்) 35 நாளுக்கு மேல் கூடாது என்று விதி கொண்டுவந்தது, அடுத்த மாதமே இரண்டு சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. புராஜெக்ட் கொடுப்பது யார், பென்ச்சில் உட்காரவைப்பது யார், நாள் எண்ணுவது யார்? ஹெச்.ஆர். கூப்பிட்டுப் பேப்பர் போடச் சொல்லும்போது அந்தக் கணக்கில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருந்தது என்று உங்களால் பார்க்க முடிந்ததா? ஐ.டி. ஊழியர்கள் தொழிற்சங்கம் வைக்கலாம், தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. அதை நாம் எவ்வளவு பயன்படுத்தினோம் என்பது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.

கடைசியாக நம் வீட்டு வாசல். இங்கே கம்பெனியை மட்டும் திட்ட முடியாது. ஓ.எம்.ஆர். பக்கம் அப்பார்ட்மெண்டுகளில் கேட்டுக்கு ஒரு ஆப் வைத்திருக்கிறோம். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வரும் அக்கா கேட்டில் நுழைந்தவுடன் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் நோட்டிஃபிகேஷன் வரும். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எந்தெந்த வீட்டில் வேலை, இந்த மாதம் எத்தனை நாள் லீவு, எல்லாம் இருக்கும். கூடவே ஐந்து நட்சத்திரத்துக்கு ரேட்டிங். சம்பளம் கூட்டிக் கேட்டதற்காக ஒரு வீட்டில் இரண்டு நட்சத்திரம் போட்டால், அடுத்து வேலை கேட்டுப் போகும் வீட்டில் அதுதான் முதலில் தெரியும். அவர் போனில் அந்த ஆப் கிடையாது. தனக்கு எத்தனை நட்சத்திரம் என்றே அவருக்குத் தெரியாது. நமக்கு ரேட்டிங் போட அவருக்கு இடமும் இல்லை, இருந்தால் பல வீடுகள் தாங்காது.

எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் அந்த ரேட்டிங்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர்களே பார்த்துப் பதில் சொல்லும்படி வையுங்கள் என்று கேட்டேன். "செக்யூரிட்டிக்காகத்தானே சார், உங்களுக்கு என்ன பிரச்சினை" என்றார் ஒருவர். ஆப்பில் அது தானாகவே வருவது, நம் கையில் இல்லை என்றார் செயலாளர், அந்த டி.எல். சொன்ன அதே பதில். ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா மட்டும் என் பக்கம் பேசினார். அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்புக்கு வைக்கச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அப்பார்ட்மெண்டில் யாராவது இதை நிறுத்தவைத்திருந்தால், ஆப் கம்பெனியிடம் என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள், மனுவோடு சேர்த்துக்கொள்கிறேன்.