வலி மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தலாமா?
"டிரமடால் போதை மாத்திரை, இன்றைக்கே குப்பையில் போடுங்கள். மெதுவாகக் குறைக்கச் சொல்லும் நர்ஸ் மருந்துக்கடைக்கு ஆள் பிடிக்கிறார்" என்று பல்லடம், சோமனூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது.

டிரமடால் என்ற இந்த வலி மாத்திரை பழக்கமாகும் மருந்து என்பது சரி. 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. மீதி தப்பு. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம் வரும். தூக்கம் போகும், வலியும் கூடும். விசைத்தறியில் நின்றே இடுப்பு போனவருக்கு இதுவும் வேண்டுமா? ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு, டாக்டர் பார்வையில் மாதம் பத்தில் ஒரு பங்கோ அதைவிட மெதுவாகவோ குறைப்பதுதான் தாங்கும். ராத்திரி தூங்கினாரா, எப்போது வலி ஏறுகிறது என்று கேட்டுக் குறித்து, "இந்த மாசம் குறைக்க வேண்டாங்க டாக்டர்" என்று நர்ஸ் சொல்வது நோயாளிக்காகத்தான்.