சுவரில் மாட்டும் இடிபாடுகளுக்கு ஊரும் ஆண்டும் வேண்டும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கைச் சுற்றியுள்ள தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) புது வீடு குடிபுகும் நண்பர்கள் பலர் வரவேற்பறைக்கு அலுமினியத் தகட்டில் அச்சிட்ட பழைய புகைப்படங்களை வாங்கி மாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். உடைந்த தூண்களும் சரிந்த மண்டபங்களும் உள்ள பழுப்பு நிறப் படங்களைத்தான் அவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். இடிந்த கட்டடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் லட்சுமி தங்குவாளா என்று பெரியவர்கள் தயங்குவதும் என் காதில் விழுகிறது. விளக்கேற்றிக் கும்பிட்ட இடம் சிதைந்தாலும் மதிப்புக்குரிய இடம்தான் என்பது என் எண்ணம். அதனால் இந்தப் பழக்கத்தை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். எனக்கு உள்ள மறுப்பு வேறு. எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தவர் யார் என்று எதுவும் தெரியாத ஓர் இடிபாட்டை வெறும் அழகுக்காகச் சுவரில் தொங்கவிடுவது அந்தக் கல்லுக்கும் அதைச் செதுக்கியவர்களுக்கும் நாம் செய்யும் அவமரியாதை.

முதலில் தகட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த காகிதப் படம் சில ஆண்டுகளில் பூஞ்சணம் பிடித்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. மரச்சட்டத்தைக் கரையான் விட்டுவைப்பதில்லை. தகட்டுப் படத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. சிறப்பு மையால் ஒரு தாளில் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, பூச்சு பூசிய அலுமினியத் தகட்டின்மேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துகிறார்கள். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடுவதால் ஈரத்துணியால் துடைத்தாலும் படம் கெடாது. நேர் வெயில் மட்டும் ஆகாது. மேற்கு பார்த்த சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்துவிடுங்கள்.

தகட்டில் இரண்டு வகை உண்டு. வெள்ளைப் பூச்சுத் தகட்டில் படம் காகிதத்தில் இருப்பதுபோலவே தெரியும். ஒளி ஊடுருவும் பூச்சுள்ள தகட்டில் படத்தின் வெளிர்ந்த பகுதிகளில் அலுமினியமே வெளித்தெரியும். 19ஆம் நூற்றாண்டுப் படங்களுக்கு இந்த இரண்டாவது வகை மிகவும் பொருந்துகிறது என்பேன். அக்காலத்து ஒளிப்பட வேதிப்பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டதால், பெரும்பாலான படங்களில் வானம் மேகமே இல்லாமல் வெறுமையாக விழுந்திருக்கிறது. தகட்டில் அந்த வெறுமையான வானம் உலோகமாக மாறி, நாம் அறையைக் கடக்கும்போது வெளிச்சத்துக்கேற்பச் சாம்பலாகவும் வெள்ளியாகவும் நிறம் மாறுகிறது. இதைக் கணினித் திரையில் பார்த்து அறிய முடியாது.

இடிபாடுகளும் உலோகமும் சேர்வது புதிய நாகரிகமும் இல்லை. 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட டாகுவேரியோடைப் முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மேலேயே படம் பதிவானது. அந்தத் தகடுகளைச் சுமந்துகொண்டு 1842 முதல் 1845 வரை ஏதென்சு, எகிப்து, சிரியா எனச் சுற்றியவர் ஜிரோ த பிராஞ்சே என்ற பிரெஞ்சுக்காரர். அவ்விடங்கள் பலவற்றுக்கு இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படங்கள் அவர் எடுத்தவைதாம்.

படத்துக்கு ஆண்டு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் கர்நாடகத்தில் உள்ள அம்பியை (ஹம்பி)த்தான் காட்டுவேன். 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற படை அதிகாரி மெழுகிட்ட காகித எதிர்மறைகளில் (நெகட்டிவ்) விஜயநகரத்தின் சிதைவுகளைப் படமெடுத்தார். அவர் எடுத்த விட்டலர் கோயில் கல்தேர்ப் படத்தை அருகில் சென்று பாருங்கள். தேரின் தலைமேல் செங்கல்லால் கட்டிய ஒரு சிறு விமானம் இருக்கிறது. இன்று அம்பிக்குப் போகிறவர்களுக்கோ இந்தியாவின் ஐம்பது ரூபாய்த் தாளைப் பார்க்கிறவர்களுக்கோ அந்த விமானம் தெரியாது, ஏனென்றால் அது இப்போது இல்லை. படத்தின் கீழே 1856 என்று எழுதியிருந்தால்தான் வீட்டுக்கு வரும் பிள்ளை "ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கும். ஆண்டை எடுத்துவிட்டால் அது ஏதோ ஒரு பழைய தேர், அவ்வளவுதான். பழைய படத்தின் கறைகளையும் கீறல்களையும் கணினியில் துடைத்துப் பளபளப்பாக்கித் தரும் அச்சகங்களையும் அதனால் நான் ஏற்பதில்லை. தூசியை நீக்கட்டும், கல்லின் விரிசல் எது, எதிர்மறையின் கீறல் எது என்று பிரித்தறியாமல் இரண்டையும் சேர்த்து அழிக்கிறார்கள்.

நம் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1858இல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அந்தக் கோயிலின் கல்வெட்டில்தான் இராஜேந்திர சோழன் 1025 வாக்கில் வென்ற கடாரத்தின் பெயர் இருக்கிறது. கடாரம் நம் கெடா என்றே ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கிறார்கள். அந்தக் கடாரத்தின் கற்களோ பீடோங்கிலிருந்து சிறிது நேரத்தில் போய்ச்சேரும் மெர்போக்கில், ஜெராய் மலையடியில் கிடக்கின்றன. 1930களின் பிற்பகுதியில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்தார். புக்கிட் பத்து பகாட் கோயிலை 1960 வாக்கில் சீரமைத்தார்கள். அங்கே கூரை இல்லை. மரத்தூண்களைத் தாங்கிய கல் பீடங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. பீடத்தில் தூண் நின்ற குழியில் மழைநீர் தேங்கியிருக்கும். ரோமானியத் தூண்களின் படங்களைக் காசு கொடுத்து வாங்கி மாட்டும் நம் வீடுகளில் இந்தப் பீடத்தின் ஒரு படமும் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

2013இல் இதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி (பழங்கோயில் இடிபாடு) வீட்டுமனைத் திட்டத்துக்காக இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வந்தபோது எல்லோரும் கொதித்தோம். ஆனால் அது எப்படி இருந்தது என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடிந்தது? பார்த்துப் பழகாத ஒன்றுக்காக யாரும் நெடுநாள் குரல் கொடுப்பதில்லை.

அதனால் என் வேண்டுகோள் இது. மெர்போக், செமிலிங், சுங்கை பத்து பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களின் பழைய ஆல்பங்களில், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலையடிக்குப் போய் அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து எடுத்த படங்கள் இருக்கக்கூடும். தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசியில் எடுத்த நகல் பெரிய தகட்டுக்குப் போதாது. படத்தில் இருப்பவர்களின் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தகட்டின் பின்புறம் இடம், ஆண்டு, எடுத்தவர் பெயர் மூன்றையும் அழியாத மையால் எழுதி, முன்புறம் கீழ் ஓரத்திலும் சிறிய எழுத்தில் தமிழில் அச்சிடச் சொல்லுங்கள். முதல் படத்தைக் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியின் வாசலிலோ மாட்ட நிர்வாகத்தினர் இடம் தருவார்களானால், அச்சிடும் செலவில் என் பங்கைத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.