மடுவத்தில் நடப்பதைச் சொன்னால் சிறையா? பரவும் செய்தி பொய்

“மாடு அறுக்கும் மடுவத்தில் விலங்கை வதைப்பது குற்றமல்ல, முறையிடுபவரைத்தான் பொலிஸ் பிடிக்கும்.” காத்தான்குடி முதல் கல்முனை வரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இச்செய்தி தவறானது.

இலங்கையின் 1907ஆம் ஆண்டு 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச்சட்டம் தேவையற்ற வதையைக் குற்றமாக்குகிறது. இறைச்சிக்காக அறுப்பதை அது தடுக்கவில்லை. லொறியில் நெருக்கி ஏற்றி, எழ முடியாமல் கிடக்கும் மாட்டின் வாலை முறுக்கி அடிப்பது போன்ற வதையையே அது தடுக்கிறது. தண்டனை 100 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் மிகச் சொற்பம் என்பது என் ஆதங்கம். ஆனாலும் குற்றம் குற்றமே. பொலிஸ் நிலையத்தில் முறையிடலாம்.

உள்ளே வேலை செய்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரினால் வழங்கக்கூடிய தகவலை வெளியிட்டதற்காக அரச ஊழியரைத் தண்டிக்க முடியாதென அச்சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. இந்தப் பாதுகாப்பு தனியார் ஊழியருக்கு இல்லை. மடுவப் பரிசோதனைப் பதிவுகளை அதே சட்டத்தின் கீழ் உங்கள் உள்ளூராட்சி மன்றத்திடம் இலங்கைக் குடிமக்கள் எவரும் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இரு சட்டங்களையும் நீங்களே வாசித்துப் பாருங்கள். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.