கடன் கொடுத்தவர் ஒருவர், வசூலுக்குப் போனவர் இன்னொருவர்

கிராமக் கிளைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. தாராளமாகக் கடன் கொடுத்த மேலாளர் மூன்றாம் ஆண்டில் பதவி உயர்வோடு மாற்றலாகிப் போவார். சால்வை போர்த்தி அனுப்பிவைப்பார்கள். அடுத்து வருபவர்தான் வாராக் கடன் பட்டியலோடு படியேறி இறங்குவார். இரண்டு நாற்காலிகளிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, வால்டர் ரிஸ்டன் என்ற பெயரைக் கேட்டாலே வியப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன.

1967 முதல் 1984 வரை அமெரிக்காவின் சிட்டி வங்கியை நடத்தியவர் அவர். பிறந்தது 1919இல். தந்தை பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். மகன் சட்டமும் ராஜதந்திரமும் படித்தார், போர்க்காலத்தில் ராணுவத்தில் பிலிப்பைன்ஸில் இருந்தார், 1946இல் வங்கியில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்தார். நம்மைப் போலவே கணக்குச் சரிபார்ப்பில் தொடங்கியவர் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

அவருடைய முதல் சாமர்த்தியம் கப்பல் கடன். ஒனாசிஸ் போன்ற கிரேக்க முதலாளிகள் எண்ணெய்க் கப்பல் கட்டப் பணம் கேட்டு வந்தார்கள். பிணையாக வருவது கப்பல்; அது கடலில் மூழ்கலாம், விலை விழலாம். ரிஸ்டன் கப்பலைவிட, பெரிய எண்ணெய் நிறுவனம் அதை நீண்ட காலத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்த ஒப்பந்தத்தையே முக்கியமாகப் பார்த்தார். வாடகை நேராக வங்கிக்கு வந்துவிட்டால் முதலாளி யாராக இருந்தால் என்ன? கடன் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இதன் அழகு புரியும். நாங்கள் நகையை உரசிப் பார்த்த காலத்தில்கூட, பணம் திரும்பி வரும் வழியைப் பார்க்கச் சொல்லித்தந்தவர்கள் குறைவு.

இரண்டாவது, 1961இல் வந்த மாற்றத்தக்க வைப்புச் சான்றிதழ். அன்று அமெரிக்காவில் வைப்புத்தொகை வட்டிக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. பெரிய நிறுவனங்கள் சும்மா கிடந்த பணத்தை அரசுக் கடன் பத்திரங்களுக்குக் கொண்டுபோயின. முதிர்வுக்கு முன்பே சந்தையில் விற்கக்கூடிய வைப்பு ரசீதைக் கொடுத்து அந்தப் பணத்தைத் திரும்ப இழுத்தார்கள். வாசலில் வந்து விழும் டெபாசிட்டுக்குக் காத்திருந்த வங்கிகள், வேண்டிய பணத்தைச் சந்தையில் வாங்கிக் கடன் கொடுக்கத் தொடங்கியது இதன் பிறகுதான்.

இத்தோடு நின்றிருந்தால் நான் சால்வையோடு போயிருப்பேன்.

1973, 74இல் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. எண்ணெய் நாடுகளின் டாலர் நியூயார்க், லண்டன் வங்கிகளில் குவிந்தது. அதை எடுத்து பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா என்று கொடுத்தார்கள். ரிஸ்டன் மட்டும் கொடுக்கவில்லைதான். ஆனால் முன்னே நடந்தவர் அவர். கடன் பல வங்கிகள் சேர்ந்த கூட்டுக் கடன். கடனை ஏற்பாடு செய்ததற்கான கட்டணம், ஒப்பந்தம் கையெழுத்தான உடனே லாபக் கணக்கில். வட்டியோ மிதக்கும் வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். வட்டி ஏறினால் வலி வாங்கியவருக்கு. வீட்டுக் கடன் வாங்கிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் வோல்க்கர் வட்டியை உயர்த்தினார். 1980 டிசம்பரில் அமெரிக்க வங்கிகளின் முதன்மை வட்டி 21.5 சதவீதத்தைத் தொட்டது.

1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அடுத்த மாதமே ரிஸ்டன் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்: நாடு திவாலாவதில்லை. அதன் சொத்து எப்போதும் கடனைவிட அதிகம். பழைய கடன் முதிர்ந்தால் புதிய கடன் வாங்கி அடைத்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். கணக்கு முடிக்கும் மார்ச் 31 அன்று, புதிய கடன் எழுதிப் பழையதை அடைத்ததாகப் பயிர்க்கடன் புத்தகங்களில் நாங்கள் செய்த காரியத்தை எவ்வளவு கம்பீரமாகச் சொல்லிவிட்டார் மனிதர்!

சொல்லளவில் அது பொய்யில்லை. மெக்சிகோ இன்றும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திய இலங்கையும் இருக்கிறது. ஆனால் எரிவாயு சிலிண்டரோடு வரிசையில் நின்றவரிடம், உன் நாட்டின் சொத்து கடனைவிட அதிகம் என்று சொல்லிப் பாருங்கள். லத்தீன் அமெரிக்காவில் எண்பதுகளை இழந்த பத்தாண்டு என்றே இன்றும் சொல்கிறார்கள். கூலி விழுந்தது, மானியம் போனது. அந்தக் கடன் ஒப்பந்தங்களைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அதை அடைத்தார்கள். ரிஸ்டன் நாட்டின் ஐந்தொகையை, அதாவது சொத்து, கடன் பட்டியலை மட்டும் பார்த்தார் என்பதே என் குற்றச்சாட்டு. கப்பல் விஷயத்தில் பணம் வரும் வழியைத் தேடிய அதே ஆள், நாடு என்று வந்ததும் பிணையின் மதிப்பைச் சொல்லிச் சமாளித்தார்.

நியூயார்க் நகரெங்கும் பணம் தரும் இயந்திரங்களை வைத்ததும் அவர் காலத்து சிட்டிதான். அதைப் பாராட்டப் பலர் இருக்கிறார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

1984இல் ஓய்வு பெற்றார். 1987 பிப்ரவரியில் பிரேசில் வட்டி கட்டுவதை நிறுத்தியது. மே மாதம், அவருக்குப் பின் வந்த ஜான் ரீட், கடன் நட்டத்துக்கான ஒதுக்கீட்டில் ஒரே அடியாக 300 கோடி டாலரைச் சேர்த்தார். அந்தக் காலாண்டில் 250 கோடி டாலர் நட்டம். மற்ற பெரிய வங்கிகளும் வேறு வழியின்றிப் பின்தொடர்ந்தன. ரிஸ்டனுக்கு 2004இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது கிடைத்தது. மறு ஆண்டு ஜனவரியில் காலமானார்.

ரீட் அந்த அறிவிப்பைக் கொடுத்த நாளில் முன்னவரை நினைத்து என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். நான் மாற்றலாகி வந்த எட்டாவது மாதம், என் பழைய கிளையிலிருந்து புதிய மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்தார். பிறகு, நான் கடன் கொடுத்திருந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "சார், இவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?"