சீக்குக் கோழியைச் சந்தைக்கு ஏற்றாதீர்கள்

நாட்டுக்கோழிக் குழுவில் நேற்று வந்த அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ரெண்டு கோழி தூங்கி விழுதா? யோசிக்காதீங்க, மிச்சத்தைச் சந்தையில தள்ளிருங்க, போட்ட காசாவது வரும்." கீழே வரிசையாக நன்றி, அருமை, பயனுள்ள தகவல். யாருக்குப் பயன்?

கோழியைத் தூங்கி விழ வைத்துக் கொல்லும் தொற்று நோயான வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) விழுந்த கூட்டத்தில் இன்னும் தீனி எடுத்துக்கொண்டிருக்கும் கோழியும் பல நேரம் நோயோடுதான் நிற்கிறது. கிருமி உள்ளே போய் அறிகுறி தெரியப் பெரும்பாலும் அஞ்சாறு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. அது வெளியே தெரியும் முன்பே எச்சத்திலும் மூச்சிலும் கிருமி பரவத் தொடங்கிவிடும். அந்தக் கோழியைக் காலைக் கட்டிச் சந்தையில் போடுகிறீர்கள். பக்கத்திலேயே நாலு ஊர்க் கோழிகள் கிடக்கின்றன. திண்டுக்கல் பக்கம் அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஒரு விடியற்காலையில் போய்ப் பாருங்கள், எங்கெங்கிருந்து வருகிறார்கள், வாங்கியதை எங்கெல்லாம் கொண்டுபோகிறார்கள் என்று. சீக்குக் கோழியை விற்பவர் தன் நஷ்டத்தை இன்னொருவர் தலையில் கட்டுகிறார். இதற்கு வேறு பெயர் கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பெரியப்பா போனபிறகு கோழிதான் அவருக்குச் சேமிப்பு. பேத்திக்கு நோட்டு வாங்குவதும் கோழியை விற்றுத்தான், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் கோழியை விற்றுத்தான். போன தீபாவளிக்கு முன்னால் சந்தையில் ஒரு பெட்டையும் சேவலும் வாங்கி வந்து, வீட்டுக் கோழிகளோடு சேர்த்து அடைத்தார். ஒரு வாரம்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். ஒரு விடைக்கோழிக்குக் கழுத்துத் திருகி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தது. அடையில் இருந்த கோழி முட்டை மேலேயே செத்துக் கிடந்தது. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தது நான்தான். "நல்லாத்தானப்பா இருந்துச்சு, பாத்துத்தான வாங்குனேன்" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். விற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

புதுக் கோழியை மூன்று வாரம் தனியாக வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வைக்க வேண்டும், சரி. ஒற்றை அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள வீட்டில் எங்கே வைப்பார்? வாங்கியவருக்கு இத்தனை விதி சொல்கிறவர்கள், விற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்களா?

"சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த நோய் மனிதருக்கு வருவது அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் கண் சிவப்பதோடு போய்விடும். அதை நான் மறுக்கவில்லை. குப்பைமேட்டில் போடுகிற இறகையும் குடலையும் அடுத்த வீட்டுக் கோழி கொத்துமே, அதற்கு என்ன பதில்?

ஏழை நஷ்டத்தை எப்படித் தாங்குவான் என்பது நியாயமான கேள்வி. பறவைக் காய்ச்சலுக்காகக் கோழிகளை அழித்தால் அரசு இழப்பீடு தருகிறது. கழிச்சலில் செத்ததற்கு எங்கள் பக்கம் யாருக்கும் ஒரு ரூபாய் வந்து நான் பார்த்ததில்லை. அதைக் கேட்கப் போங்கள், நானும் வருகிறேன். அதுவரைக்கும் அந்தப் பணத்தைப் பெரியம்மாவிடம் வசூலிப்பீர்களா? தொற்று நோய் கண்ட கால்நடையையோ கோழியையோ தெரிந்தே சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது என்று 2009-லேயே மத்திய அரசு சட்டம் போட்டாயிற்று. கழிச்சலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நான் பிராய்லர் கம்பெனி ஆளாம், அதனால்தான் தடுப்பூசி பற்றியே பேசுகிறேனாம். இத்தனை வருஷம் இதே குழுவில் நடுராத்திரியில் போன் செய்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவனிடம் இப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது? கைவைத்தியமாகச் சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம் நானும் கொடுக்கிறேன். ஆனால் கழிச்சல் வந்தபிறகு அதைத் தீர்க்கும் மருந்து எந்த வைத்தியத்திலும் இல்லை, வருமுன் தடுப்பதுதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு, நாலாவது வாரம் திரும்பவும், எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. பத்துக் கோழி வைத்திருப்பவருக்குக் கடையில் கிடைப்பது நூறு கோழிக்கான குப்பி. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். அதனால்தான் தெருவே சேர்ந்து ஒரே காலையில் போட வேண்டும் என்று கத்துகிறேன். பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறார்கள். அந்தத் தேதியைக் குழுவில் போட்டபோது ஒருவர்கூடப் பகிரவில்லை. சந்தையில் தள்ளச் சொன்னதை மட்டும் ஊரெல்லாம் பகிர்கிறீர்கள்.

குழு நடத்தும் தம்பி, உனக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பதிவை இன்றைக்கே எடுத்துவிடு. நாளன்றைக்குச் சந்தை.